அட்டையில் ஓ பாசிட்டிவ், குழாயில் வேறு: ஒரு பம்பாய் குரூப் நிகழ்வு ஆய்வு

மாவட்ட அளவிலான ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் நான் பொறுப்பு மருத்துவராக இருந்தபோது நடந்தது இது. விதிகளில் இப்போது 'ரத்த மையம்' என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் ரத்த வங்கிதான். சம்பந்தப்பட்ட பெண்ணிடமும் அவர் கணவரிடமும் எழுதுவதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வயது 26. இரண்டாவது கர்ப்பம், 33 வாரம். முதல் பிரசவம் சுகப்பிரசவம், ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. அந்தக் குழந்தை பெண், ஐந்து வயது. இந்த முறை ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை மூடியிருந்தது. இப்படி இருந்தால் எந்த நேரத்திலும் ரத்தப்போக்கு வரலாம், அறுவைதான் வழி என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லப்பட்டு, அட்டையின் மூலையில் சிவப்பில் குறிக்கப்பட்டிருந்தது.

அதே அட்டையில் ரத்த குரூப்: ஓ பாசிட்டிவ். முதல் கர்ப்பத்தில் ஒரு முறை, இந்தக் கர்ப்பத்தில் ஒரு முறை, இடையில் தனியார் லேப் ஒன்றில் ஒரு முறை என மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே பதில். மூன்றும் கண்ணாடித் தகட்டில் செய்த பரிசோதனை.

அந்தப் பரிசோதனையைப் பார்க்காதவர் குறைவு. தகட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நிறமில்லாதது. நீலத்தில் கட்டி கட்டியாகச் சேர்ந்தால் ஏ. மஞ்சளில் சேர்ந்தால் பி. இரண்டிலும் சேர்ந்தால் ஏபி. நிறமில்லாததில் சேர்ந்தால் பாசிட்டிவ். நீலம், மஞ்சள் இரண்டிலும் ஒன்றும் நடக்காவிட்டால் ஓ என்று எழுதுவோம். கவனித்தால் ஒன்று புரியும்: ஏ, பி என்பவை கண்டுபிடித்ததற்கு வைத்த பெயர். ஓ என்பது ஒன்றும் கிடைக்காததற்கு வைத்த பெயர். கிடைக்காமல் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதை அந்தத் தகடு சொல்லாது.

முதல் இரவு

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு 108 வண்டியில் வந்தார். வீட்டில் திடீரென்று ரத்தப்போக்கு. வார்டுக்கு வந்தபோது அது குறைந்திருந்தது. நாடி 104, ரத்த அழுத்தம் 100/60, ஹீமோகுளோபின் 6.9. குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருந்தது. இரண்டு யூனிட் சிவப்பணு கேட்டு ரத்த வங்கிக்குச் சீட்டு வந்தது.

ரத்த வங்கியில் அன்று ஒரே ஒரு டெக்னீஷியன். குரூப் பார்த்தார், ஓ பாசிட்டிவ். ஃபிரிட்ஜில் ஓ பாசிட்டிவ் பை தாராளமாக இருந்தது. ஒரு பையிலிருந்து துளி எடுத்து, அந்தப் பெண்ணின் சீரத்தோடு, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரோடு சேர்த்து, பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் செய்தார். குழாயைத் தட்டிப் பார்த்தபோது அடியில் இருந்த சிவப்புப் பொட்டு கலையவே இல்லை. முழுதாக ஒரே கட்டி. இரண்டாவது பை, அதே. ஆறு பை பார்த்த பிறகு எனக்கு போன் செய்தார். "சார், ஆறும் இன்கம்பாட்டிபிள். நாலு ப்ளஸ். நான் ஏதோ தப்பு பண்றேனோன்னு பயமா இருக்கு."

அவர் தவறு செய்யவில்லை. குளிரில் மட்டும் வேலை செய்யும் ஆன்டிபாடியாக (அந்நியச் செல்லை எதிர்க்கும் பொருள்) இருக்குமோ என்று குழாய்களை 37 டிகிரியில் வைத்துப் பார்த்திருக்கிறார், கட்டி கரையவில்லை. அந்தப் பெண்ணின் சீரத்தை அவருடைய சொந்தச் சிவப்பணுவோடு சேர்த்தும் பார்த்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை. அதாவது அந்தச் சீரத்துக்குத் தன் சொந்த ரத்தத்தோடு பகை இல்லை, ஊரார் ரத்தத்தோடு மட்டும்தான் பகை.

இந்த நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து இரண்டாவது போன். பணியில் இருந்த மருத்துவர் சொன்னது: "கிராஸ்மேட்ச் ஆகலைன்னா விடுங்க, ஓ நெகட்டிவ் ரெண்டு பை அனுப்புங்க. அது யாருக்கும் சேரும்ல?"

அவசரத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் பொது என்று நாங்கள்தானே பாடம் நடத்துகிறோம்? டெக்னீஷியன் கொடுக்க மறுத்தார். "பொறுப்பு டாக்டர் வர்றார், பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டு. இந்த நிகழ்வில் உயிரைக் காப்பாற்றிய முடிவு எதுவென்று கேட்டால், பிறகு நாங்கள் கூடிப் பேசி எடுத்த எதுவும் இல்லை. இந்தப் பத்து நிமிடம்தான்.

ஓ செல் குழாய்

நான் போனதும் செய்தது ஒன்றே ஒன்று. குரூப்பைத் தலைகீழாகப் பார்த்தேன். சிவப்பணுவை மருந்தோடு சேர்ப்பது நேர்வழி. சீரத்தைத் தெரிந்த சிவப்பணுக்களோடு சேர்ப்பது எதிர்வழி. ஓ குரூப்காரரின் சீரத்தில் ஏ-வுக்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி உண்டு. ஆகவே ஏ செல் போட்ட குழாயிலும் பி செல் போட்ட குழாயிலும் கட்டி வரவேண்டும், வந்தது. மூன்றாவதாக ஓ செல் போட்ட ஒரு குழாய் வைக்கவேண்டும். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தது, மற்ற இரண்டைப் போலவே திடமாக.

பல இடங்களில் இந்த மூன்றாவது குழாயை வைப்பதில்லை. 'அதில் என்ன வரப்போகிறது' என்ற எண்ணம். எங்கள் ரத்த வங்கியிலும் இரவுப் பணியில் அது விட்டுப்போவதுண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் பொருளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பின்னால் வரும் குடும்பக் கதைக்கும் இதுதான் சாவி.

ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள். அவை நேரடியாகச் செல்லின் மேல் ஒட்டுவதில்லை. முதலில் ஹெச் என்ற அடிப்பொருள் அங்கே உருவாக வேண்டும். அதன் மேல் ஒரு சர்க்கரை ஏறினால் ஏ, வேறொன்று ஏறினால் பி. எதுவும் ஏறாமல் ஹெச் மட்டும் மொட்டையாக நின்றால் ஓ. ஆகவே எல்லாருடைய செல்லிலும் ஹெச் உண்டு, ஓ குரூப்காரர் செல்லில்தான் மிக அதிகம். ஏ, பி எது என்று முடிவு செய்யும் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஹெச் உருவாக்கும் மரபணு இருப்பது 19ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வேலை செய்யாத ஹெச் மரபணு வந்து சேர்ந்தால், அந்தப் பிள்ளையின் செல்லில் ஹெச் உருவாகாது. அப்போது ஏ மரபணு இருந்தாலும் பி மரபணு இருந்தாலும் ஏறி நிற்க இடமில்லை. தகட்டில் பார்த்தால் ஓ மாதிரியே தெரியும். ஆனால் அவர் உடலுக்கு ஹெச் அந்நியப் பொருள். அதற்கு எதிராக ஆன்டிபாடி இருக்கும். உடல் சூட்டிலேயே வேலை செய்து, ஏற்றிய சிவப்பணுக்களை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைத்துவிடக்கூடிய ஆன்டிபாடி அது. ஹெச் அதிகமுள்ள ஓ ரத்தம், இவருக்கு மற்ற எதையும்விட ஆபத்து.

1952இல் பம்பாயில் ஒய்.எம். பெண்டே என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இதை முதலில் விவரித்ததால் பம்பாய் குரூப் என்று பெயர் வந்தது. அந்த ஊரில் மட்டும் இருப்பதல்ல இது. தென்னிந்தியா முழுக்க உண்டு. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்.

ஹெச் இருக்கிறதா என்று பார்க்கும் லெக்டின் மருந்து எங்களிடம் இல்லை. ஐரோப்பாவின் ஒரு முள்புதர்ச் செடி விதையிலிருந்து எடுப்பது அது. மறுநாள் காலை முதல் பேருந்தில் ஊழியர் ஒருவர் மாதிரியை எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார். பிற்பகல் பதில் வந்தது. சாதாரண ஓ செல் லெக்டினில் கட்டியானது. இவர் செல் ஆகவில்லை. பம்பாய் குரூப், ஆர்எச் பாசிட்டிவ்.

எடுத்த முடிவுகள்

33 வாரத்தில் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே, அதுவும் ரத்தப்போக்கோடு வந்தால், ரத்தம் ஏற்றுவதுதான் வழக்கம். ஏற்ற ரத்தம் இல்லை. போக்கு நின்றிருந்தது, மூச்சுத் திணறல் இல்லை, நாடி இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே எண்ணைப் பார்த்துப் பதறாமல் ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மகப்பேறு மருத்துவரும் நானும் ஒத்துக்கொண்டோம். ஊசி வழி இரும்புச்சத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஃபோலிக் அமிலம், பி12. குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைக்கூட அளந்து எடுங்கள், தினமும் மூன்று குழாய் வேண்டாம் என்று வார்டுக்கு எழுதிக் கொடுத்தேன்.

அன்றிரவே திரும்பவும் போக்கு வந்திருந்தால்? அந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. எவ்வளவு மோசமானாலும் ஓ ரத்தம் இல்லை. அறுவை, தேவைப்பட்டால் கர்ப்பப்பையை எடுப்பது என்று வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அந்தப் பெண்ணுக்கும் கணவருக்கும் அதைப் படித்துக் காட்டினோம். கட்டிலின் தலைமாட்டில் 'ஓ ரத்தம் ஏற்றக்கூடாது' என்று அட்டை தொங்கவிட்டோம்.

நான்காம் நாள், நிலை சீரானதும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். 90 கிலோமீட்டர் பயணம், வழியில் போக்கு வந்தால் என்ன செய்வது என்ற தயக்கம் இருந்தது. ஆனால் பிரசவம் நடக்கும் இடத்தில்தான் ரத்தமும் இருக்கவேண்டும்.

சட்டைப்பையில் இருந்த இன்னொரு அட்டை

இரண்டாம் நாள் மாலை கணவர் ரத்த வங்கிக்கு வந்தார். வாசலில் நின்று, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மூத்த குழந்தைக்கு மூன்று வயதில் டெங்கு காய்ச்சலுக்குச் சேர்த்தபோது பார்த்த ரிப்போர்ட். மடிப்புக் கோடுகளில் தாள் கிழியும் நிலையில் இருந்தது. குரூப்: பி பாசிட்டிவ்.

"எனக்கும் ஓ, அவளுக்கும் ஓ. புள்ளைக்கு எப்படி சார் பி?"

கணவருக்கு ஓ பாசிட்டிவ் என்பதை அவருடைய கார்டிலிருந்து எனக்கு ஏற்கெனவே தெரியும். ஓ-வும் ஓ-வும் சேர்ந்தால் ஓ-தான் பிறக்கும் என்பது பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்த யாரோ ஒரு உறவுக்காரர் இவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் விவரிக்கவில்லை. தனியார் லேபில் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு முறை குரூப் பார்க்க வைத்தது மாமியார் என்பது மட்டும் பேச்சில் வந்தது.

எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் உடனே சொல்லவில்லை. அது அந்தப் பெண்ணின் பரிசோதனை முடிவு. அவரிடம் கேட்காமல் கணவரிடம்கூடப் பேச எனக்கு உரிமையில்லை. வார்டுக்குப் போய், உங்கள் ரத்தத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, குழந்தையின் குரூப்புக்கும் அதுதான் காரணம், வீட்டாரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா நான் சொல்றதை யாரும் கேக்கலை. நீங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க" என்றார்.

கணவருக்கு விளக்க ஒரு தாளில் பந்தல் வரைந்தேன். அவரைக் கொடி படர வேண்டுமானால் இரண்டு வேண்டும்: விதை, ஊன்றிய கால். "உங்க மனைவிகிட்ட பி விதை இருக்கு. ஆனா கால் ஊனலை. அதனால கொடி வெளியே தெரியலை, பார்க்கிறவங்க விதையே இல்லைன்னு எழுதிட்டாங்க. உங்ககிட்ட பி விதை கிடையாது, கால் இருக்கு. பிள்ளை அம்மாகிட்ட விதையை வாங்கிச்சு, அப்பாகிட்ட காலை வாங்கிச்சு. கொடி படர்ந்துடுச்சு."

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இது என் புள்ளைதான்னு ரிப்போர்ட்ல எழுதித் தருவீங்களா?"

தர முடியாது என்றேன். சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனால் ரத்த குரூப் ஒருவரை அப்பா என்று நிரூபிக்காது. இவராக இருக்க முடியாது என்று சில சமயம் சொல்லும், அதையும் இந்த மாதிரி இடங்களில் தப்பாகச் சொல்லும். உங்கள் சந்தேகத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் தப்பு என்பதை மட்டும் எழுதித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் நான்காக மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு பிள்ளைகள்

பம்பாய் குரூப் ரத்தம் தேடுவதற்கு முதல் இடம் உடன்பிறந்தவர்கள்தான். பெற்றோர் இருவரும் வேலை செய்யாத ஹெச் மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முன்பின் தெரியாதவர்களிடம் தேடினால் பத்தாயிரத்தில் ஒன்று.

அந்தப் பெண்ணின் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. நம் பக்கத்தில் இது கேள்விப்படாத விஷயமல்ல. குடும்பத்தில் எங்கோ இருந்த ஒரே மரபணு இரண்டு வழியாக வந்து ஒரே பிள்ளையில் சேர இந்த உறவு வழி திறந்துவிடுகிறது. அப்பாவுக்கு பி, அம்மாவுக்கு ஓ. அண்ணன், அக்கா, இவர், தம்பி. அண்ணனுக்கு பி வந்தது, அவர் பம்பாய் குரூப் இல்லை. அக்காவுக்குத் தகட்டில் ஓ வந்தபோது எல்லாரும் நம்பிக்கையாகப் பார்த்தோம்; லெக்டினில் கட்டியானது, சாதாரண ஓ. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மறுநாள் விடியற்காலை வந்து சேர்ந்தார். லெக்டினில் கட்டி வரவில்லை. பம்பாய், பாசிட்டிவ்.

அவரிடம் பேசும்போது ஒன்று சொன்னார்: "நான் காலேஜ் கேம்ப்ல ரெண்டு தடவை ரத்தம் குடுத்திருக்கேன் சார். ஓ பாசிட்டிவ்னு கார்டே குடுத்தாங்க."

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த இரண்டு பைகளும் ஓ என்று ஒட்டப்பட்டு, யாரோ ஓ நோயாளிகளுக்குப் போயிருக்கும். சிவப்பணுவாகப் போயிருந்தால் அவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஹெச் இல்லாத செல்லை யார் உடலும் எதிர்க்காது, கிராஸ்மேட்ச்சும் அழகாகப் பொருந்தும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. பிளாஸ்மாவாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், ஹெச்-க்கு எதிரான ஆன்டிபாடியை ஏற்றியதாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் பத்தாயிரத்தில் ஒருவரின் ரத்தம், சாதாரண பை என்ற பெயரில் கைமாறிப் போயிற்று. அன்று அந்த மூன்றாவது குழாயை யாராவது வைத்திருந்தால் தம்பியின் குரூப் தெரிந்திருக்கும். தம்பியைத் தொட்டு இந்தப் பெண்ணுடையதும் தெரிந்திருக்கும். டெங்குக் காய்ச்சலில் வந்த அந்தத் தாளும் வீட்டில் வேறு விதமாகப் படிக்கப்பட்டிருக்கும்.

இரண்டு பை

தம்பி உடனே கொடுக்கத் தயார். எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. ஆண்கள் ஒரு முறை கொடுத்தால் அடுத்தது 90 நாள் கழித்துத்தான். பை ஃபிரிட்ஜில் அதிகபட்சம் 42 நாள் இருக்கும். சீக்கிரம் எடுத்து வைத்தால் பிரசவத்துக்கு முன் வரும் போக்குக்கு உதவும். தாமதித்தால் இவர் ரத்தம் புதிதாக இருக்கும், ஆனால் நடுவில் ஏதாவது நடந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நஞ்சுக்கொடி இருந்த நிலையைப் பார்த்து, 34ஆம் வாரத்திலேயே எடுப்பது என்று மருத்துவக் கல்லூரியில் முடிவு செய்தார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இன்னொரு சிக்கல், கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். கூடப்பிறந்தவர் ரத்தத்தை அப்படியே ஏற்றக்கூடாது. பையில் இருக்கும் வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலுக்கு அந்நியமாகத் தெரியாமல் தங்கிவிட்டு, பிறகு அந்த உடலையே தாக்கத் தொடங்கலாம். அரிதுதான், வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதைத் தடுக்கப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும். அங்கே புற்றுநோய்ப் பிரிவில் அதற்கு வழியிருந்தது. ஆனால் கதிர்வீச்சு கொடுத்தால் பையின் ஆயுள் 28 நாளாகச் சுருங்கும், பொட்டாசியம் கசிவு கூடும். அதனால் அறுவைக்கு நாள் குறித்த பிறகு கொடுக்கலாம் என்று தள்ளி வைத்தார்கள்; நடுவில் அவசரம் வந்தால், கதிர்வீச்சு இல்லாமலே ஏற்றுவது என்றும் எழுதி வைத்தார்கள். கண் முன்னால் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, அரிய ஆபத்தை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

இரண்டாவது பைக்கு, பம்பாய் குரூப் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கும் தன்னார்வலர்களைக் கேட்டோம். பக்கத்து மாநிலத்தில் ஒருவர் கிடைத்தார். 36ஆம் வாரத் தொடக்கத்தில் தன் ஊர் ரத்த வங்கியில் கொடுத்தார். தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் பேக்குக்கு நடுவே, உள்ளே வெப்பமானியோடு இரவுப் பேருந்தில் வந்தது. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் வெப்பநிலை குறித்த தாள் மூடியின் மேல் ஒட்டியிருந்தது. உடன் வந்த இளைஞர் இரவெல்லாம் பெட்டியை மடியில் வைத்திருந்தாராம். அவர் அந்தக் கொடையாளருக்கும் நோயாளிக்கும் யாரும் இல்லை.

இதே தேடலில் நாங்கள் சறுக்கிய இடமும் உண்டு. எங்கள் ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்தில், நோயாளியின் பெயர், வார்டு எண், கணவர் போன் நம்பர் எல்லாம் போட்டு வாட்ஸப்பில் 'பம்பாய் ரத்தம் அவசரம்' என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அந்த மனிதருக்கு ஓயாமல் அழைப்பு. அழைத்தவர்களில் பெரும்பாலோர் ஓ குரூப். பம்பாயில் தங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதாகச் சொன்னவர்களும் உண்டு. ஏற்கெனவே ரத்தத்தை வைத்து வீட்டில் பேச்சு வாங்கிய ஒரு பெண்ணின் ரத்த விவரம், ஊர் முழுக்கப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டோம். அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

பிரசவம்

மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் 6.9இலிருந்து 8.7க்கு ஏறியது. 36 வாரம் முடிந்ததும் நாள் குறித்து அறுவை செய்தார்கள். அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்கள், ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துகள் தயார். ஏறத்தாழ 900 மி.லி. ரத்தம் போனது. பெட்டியில் வந்த பையை முதலில் ஏற்றினார்கள். உறவில்லாதவர் ரத்தம் என்பதால் கதிர்வீச்சுப் பிரச்சினை இல்லை. முதல் 15 நிமிடம் மயக்க மருத்துவர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். எதிர்வினை எதுவும் இல்லை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரவில்லை.

ஆண் குழந்தை. குரூப் ஓ பாசிட்டிவ், லெக்டினில் கட்டியாகும் சாதாரண ஓ. அப்பாவிடமிருந்து கால் வந்திருக்கிறது, அம்மாவிடமிருந்து பி விதை இந்த முறை வரவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் ஏறியது, இரண்டு நாள் நீல விளக்கில் வைத்து இறங்கியது.

தம்பியின் பை தேவைப்படவில்லை. வேறு எங்காவது பம்பாய் குரூப் நோயாளி இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் யாரும் இல்லை. காலாவதியாகி அழித்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பை ஃபிரிட்ஜில் இருந்ததால்தான் கத்தியை எடுத்தவர்களுக்குக் கை நடுங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கணவர் வந்தபோது சொன்னார்: "ஓன்னு சொன்னதும் எங்கம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம் சார். 'இது நம்ம ரத்தம்'ங்கிறாங்க." பி வந்த பெண்ணுக்கும் ஓ வந்த பையனுக்கும் ஒரே விளக்கம்தான். பந்தல் வரைந்த தாளை அம்மாவிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டினாராம். என்ன சொன்னார்கள் என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டார். மனைவியின் அண்ணன் மகனுக்கு மூத்த பெண் குழந்தை முறைப்பெண், வீட்டில் இப்போதே பேச்சு இருக்கிறது, செய்யலாமா? அந்தக் குழந்தையிடம் வேலை செய்யாத ஹெச் மரபணு ஒன்று நிச்சயம் இருக்கிறது, அம்மாவிடம் கொடுப்பதற்கு வேறு இல்லை. அண்ணனிடம் அது இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவர் மகனிடம் மூன்றில் ஒன்று. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பம்பாய் குரூப்பாக இருக்கப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. பம்பாய் குரூப் நோயல்ல, ரத்தம் தேவைப்படும் நாளில்தான் தொல்லை. கணக்கைச் சொன்னேன். பிள்ளைக்கு ஐந்து வயதுதானே, அவளே பெரியவளாகிச் சொல்லட்டும் என்றும் சொன்னேன். இது மருத்துவம் அல்ல, என் கருத்து.

மாறியதும் மாறாததும்

எங்கள் ரத்த வங்கியில் ஓ செல் குழாய் இல்லாமல் இப்போது எந்த குரூப்பும் பதிவேட்டில் ஏறாது, நோயாளியானாலும் கொடையாளரானாலும். ரேக்கில் மூன்றாவது துளையைச் சுற்றிச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறோம். காலியாக இருந்தால் கண்ணில் குத்தும். லெக்டின் ஒரு குப்பி எப்போதும் இருப்பில் இருக்கிறது. கிராஸ்மேட்ச் ஒத்துவராத நிலையில் எந்த மருத்துவர் கேட்டாலும் ஓ நெகட்டிவ் தருவதில்லை என்ற அதிகாரம் எழுத்தில் டெக்னீஷியனுக்கு இருக்கிறது. முன்பும் அவர் மறுத்தார். அப்போது துணைக்குத் தாள் இல்லை. நோயாளி பெயரோடு எந்தச் செய்தியும் வெளியே போகாது. பெற்றோர் குரூப்புக்கும் பிள்ளை குரூப்புக்கும் பொருந்தாத ரிப்போர்ட்டோடு யாராவது வந்தால், வேறு எதுவும் பேசுவதற்கு முன் மூவருக்கும் குழாயில் முழுப் பரிசோதனை.

தம்பி கொடையாளர் பட்டியலில் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணும் குழந்தைக்குப் பால் மறந்த பிறகு சேர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஹீமோகுளோபின் 12.5 வரவேண்டும், அதற்கு நாளாகும்.

அவருக்குப் புது அட்டை கொடுத்தோம். கணினியில் பதிவு செய்யும்போது ரத்த குரூப் பட்டியலில் எட்டு மட்டும் இருந்தது. பம்பாய் இல்லை, 'மற்றவை' என்றும் இல்லை. எதையாவது தேர்ந்தெடுத்தால்தான் பக்கம் நகரும். ஒன்பதாவது வரி சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதுவரை அச்சிட்ட அட்டையில் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருக்கிறது. அதன் குறுக்கே சிவப்பு மையில் 'பம்பாய், ஓ ரத்தம் ஏற்றக்கூடாது' என்று என் கையெழுத்து.